கடைசிப் பக்கத்தில் எழுதியவர்கள்

முத்துவீரனின் வாடகை நூல் நிலையத்தில் ஒரு நாவலைக் கையில் எடுத்தால், கம்பத்துக்காரர்கள் முதலில் திருப்புவது கடைசிப் பக்கத்தைத்தான். முடிவைத் தெரிந்துகொள்வதற்காக அல்ல. தனக்கு முன்னால் படித்தவர் என்ன எழுதி வைத்திருக்கிறார் என்று பார்ப்பதற்காக. அச்சகத்தார் வெறுமையாக விட்ட அந்த ஒரு பக்கத்தில் பென்சிலிலும் பேனாவிலும் ஊரே தீர்ப்பு எழுதியிருக்கும். 'சுமார்.' 'பஸ்ஸில் படிக்க ஆகும்.' 'கொலைகாரன் தோட்டக்காரன்தான், நேரத்தை வீணாக்காதே.' இந்தக் கடைசி வகையை மட்டும் முத்துவீரன் மை வைத்து அடித்துவிடுவார்.

1999 ஆவணியில் ஒரு சனிக்கிழமை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டைப் பூட்டிவிட்டு மத்தியானமே பாண்டீஸ்வரி அங்கே வந்தாள். மூன்றாவது அலமாரியில் அவள் தேடிய புத்தகம் இல்லை.

"என்ன, கயல் அம்மா வந்தாச்சா?" என்றார் முத்துவீரன்.

"மெதுவாண்ணே."

"இங்கன யாரு இருக்கா கேக்குறதுக்கு? ஒங்க புக்கு ரெண்டு காப்பியும் வெளிய போயிருச்சு. போன மாசம் சீந்த ஆளில்ல. இப்ப நாலு பேரு பேரு எழுதி வச்சுட்டுப் போயிருக்காக. ஒண்ணு கூடலூர்ல இருக்கு. இன்னொண்ண ராயப்பன்பட்டி டிராயிங் மாஸ்டர் கொண்டுபோயிருக்காக."

பாண்டீஸ்வரியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "சுந்தர்ராஜ் சாரா?"

"ஆமா. அட்டைல மலை ரோட்டப் பாத்தாக. நம்ம ஊரு கதை மாதிரி இருக்கே, போன் கடை சாராளுக்குக் குடுக்கலாம்னாக. கட்டிக்கப்போற பிள்ளைல்ல, ஆசையா இருக்காதா?"

அவள் குடையை எடுக்க மறந்து வெயிலில் இறங்கி நடந்தாள்.

'பனிக்குள் ஒரு ஜீப்' அவளுடைய முதல் நாவல். ஆடி மாதம் சென்னையிலிருந்து மாத நாவலாக வந்தது. அட்டையில் 'கயல்' என்ற பெயர்தான் இருந்தது. கயல் யார் என்று கம்பத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவள் கணவன் ராக்கப்பன். திராட்சைத் தோட்டத்தைத் தவிர வேறெதையும் படிக்காதவர். இன்னொருவர் முத்துவீரன். இருபது வருஷத் தோழியான சாராளிடம் அவள் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அந்தக் கதை சாராளுடையது.

1990 ஐப்பசியில், சாராளுக்கும் ஜீப் டிரைவர் இம்மானுவேலுக்கும் கல்யாணம் நிச்சயமாகிக் கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பான ஓலை வாசித்து முடித்திருந்தார்கள். வியாழக்கிழமை கல்யாணம். செவ்வாய்க்கிழமை, ஏலக்காய்த் தோட்டத்தில் ஆட்களை இறக்கிவிட்டுக் கம்பம் மெட்டு மலைப்பாதை வழியாக வெறும் வண்டியோடு திரும்பிய இம்மானுவேல் வீடு வந்து சேரவில்லை. இரண்டு நாள் கழித்து ஓடையில் ஜீப் கிடைத்தது. மழைத் தண்ணீர் சுழித்து ஓடிய அந்த ஓடையில் ஆள் கிடைக்கவில்லை. செத்துப்போனான் என்றது ஊர். பார்க்காமல் எப்படிச் சொல்வது என்றாள் சாராள். அதன் பிறகு அவள் எஸ்.டி.டி. பூத் எடுத்து நடத்தியதே, என்றைக்காவது அவன் கூப்பிடுவான் என்றுதான். அது பாண்டீஸ்வரிக்கு மட்டும் தெரியும்.

ஒன்பது வருஷம் கழித்து, மனைவியை இழந்த டிராயிங் மாஸ்டர் சுந்தர்ராஜ் கேட்டபோது சாராள் சரி என்றாள். போன ஞாயிறு முதல் ஓலை வாசித்தாயிற்று. நாளை இரண்டாவது.

பாண்டீஸ்வரி முதலில் எழுதிய நாவலில் டிரைவர் செத்துத்தான் போயிருந்தான். ஜீப்பைத் தள்ளிவிட்டது யார் என்பதுதான் மர்மம். பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். 'கதாநாயகன் மூன்றாம் அத்தியாயத்திலேயே போய்விட்டால் மீதியை எதற்காகப் படிப்பது? அவனை உயிரோடு கொண்டு வாருங்கள். நாயகியே அவனைக் கண்டுபிடிக்கட்டும்' என்று கடிதம். பாண்டீஸ்வரி பதினொரு நாளில் மாற்றி எழுதினாள். எல்லைக்கு அந்தப் பக்கம் பெயர் சொல்லாத ஒரு ஊர்ச் சந்தையில், மனைவியோடும் குழந்தையோடும் நிற்பவனை நாயகி அடையாளம் கண்டுகொள்கிறாள். அந்தப் பக்கங்களைத் தட்டச்சு செய்தபோது அவள் விரல்கள் பறந்தன. அந்தச் சந்தோஷத்தில் சாராளின் நினைப்பே வரவில்லை என்பதுதான் உண்மை.

நாவலுக்கு வந்த கடிதங்கள் அடுத்த மாத இதழில் இரண்டாகப் பிரிந்து நின்றன. திருப்பூர் வாசகி ஒருத்தி 'இப்படி ஒரு திருப்பத்தை எதிர்பார்க்கவே இல்லை' என்றாள். ஈரோட்டுக்காரர் ஒருவர் 'காத்திருந்த பெண்ணை ஆசிரியர் அவமானப்படுத்திவிட்டார், அவன் செத்திருந்தாலே மரியாதை' என்று திட்டியிருந்தார். முத்துவீரன் கடையில் கடைசிப் பக்கத்திலும் அதே சண்டைதான். 'ஒரே மூச்சில் படித்தேன். அருமை.' 'காதல் பத்துக்கு எட்டு, மர்மம் பத்துக்கு மூன்று.' 'ஆம்பளைகள் அப்படித்தான்.' அதற்கு ஒரு அம்புக்குறி போட்டு, 'எல்லா ஆம்பளையும் இல்லை.' வாரம் தவறாமல் அதைப் போய்ப் படிப்பதில் பாண்டீஸ்வரிக்கு ஒரு ருசி விழுந்திருந்தது. 'ஒரே மூச்சில்' என்பதை மட்டும் அவள் எத்தனை தரம் படித்தாள் என்று கணக்கில்லை.

பூத்தின் கண்ணாடி அறைக்குள் யாரோ பம்பாய்க்குக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார். வெளியே மேசைக்குப் பின்னால் சாராள் உட்கார்ந்திருந்தாள். மீட்டருக்குப் பக்கத்தில் புத்தகம் மூடிக் கிடந்தது. படித்து முடித்திருந்தாள்.

"உக்காருடி," என்றாள்.

பாண்டீஸ்வரி உட்கார்ந்தாள்.

"எங்கன வச்சுப் பாத்த?"

"யார?"

"விளையாடாத. இடது காதுக்குப் பின்னாடி தீக்காயத் தழும்பு. முடி மறைச்சிருக்கும். அவுக அம்மாவுக்கு அடுத்து எனக்குத்தான் தெரியும். நான் உங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். கயலாம் கயலு."

"நீ சொன்னதத்தான்டி எழுதுனேன். மன்னிச்சுக்க. கேட்டிருக்கணும், கேக்கல."

"தழும்பு நான் சொன்னது. சரி. வண்டிப்பெரியார் யாரு சொன்னது?"

"கதைல ஊருப் பேரே இல்லையே."

சாராள் கடைசிப் பக்கத்தைத் திருப்பி நீட்டினாள். எல்லாவற்றுக்கும் கீழே, போன சனிக்கிழமை இல்லாத நீல மையில் மூன்று வரி இருந்தது. 'இது கதை அல்ல. நடந்தது. அந்த டிரைவரை வண்டிப்பெரியாரில் பார்த்திருக்கிறேன். மளிகைக் கடை வைத்திருக்கிறான். ஒரு பெண் குழந்தை.'

"எவனோ கிறுக்கி வச்சிருக்கான் சாரா."

"எவனோ எழுதுனதும் நீ எழுதுனதும் ஒண்ணா இருக்கே. குழந்தைன்னு நீயும் சொல்ற, அவுகளும் சொல்றாக."

"நான் எழுதுனது பொய். பொய்னுதான் அதுக்குக் கதைன்னு பேரு."

"பொய்யின்னா எங்கிட்ட ஏன் மறைச்ச?" என்றாள் சாராள். குரல் உயரவே இல்லை. "ரெண்டு மாசமா தினம் வந்து டீ குடிச்சிட்டுப் போற. புக்கு வந்ததச் சொல்லல. வேற பேரு வச்சிருக்க. பொய்ய எழுதுனவளுக்கு எதுக்குடி இம்புட்டுப் பயம்?"

பம்பாய்க்குப் பேசியவர் கதவைத் திறந்து வெளியே வந்தார். சாராள் அவருக்கு ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டு, "நீ போ. நாளைக்குக் கோயிலுக்குப் போகணும், சேலை மடிக்கணும்," என்றாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பாண்டீஸ்வரி எழுந்தாள். கோயிலுக்குப் போகிறாள் என்றால் ஓலை வாசிப்பார்கள். இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அங்கிருந்து நேராக மறுபடி முத்துவீரனிடம் போனாள்.

"அண்ணே, கடைசிப் பக்கத்துல நீல மையில வண்டிப்பெரியார்னு எழுதுனது யாரு?"

முத்துவீரன் தூசி தட்டிக்கொண்டிருந்த புத்தகத்தை இன்னும் இரண்டு தட்டு தட்டினார். "ஏன், நல்லா இல்லையா?"

"யாருண்ணே?"

"நாந்தேன்."

அவர் தூசித் துணியை உதறிக்கொண்டார்.

"நீதான தங்கச்சி சொன்ன, எப்படியாச்சும் நகத்தி விடுங்கண்ணேன்னு. புதுப் பேரு. யாரு எடுப்பா? நகராத புக்குக்கு நானே நாலு வரி எழுதுவேன். கை மாத்தி, மை மாத்தி. நல்லாருக்குன்னும் நாந்தேன், நாசமாப் போச்சுன்னும் நாந்தேன். வெறும நல்லாருக்குன்னா எவனும் எடுக்க மாட்டான். சண்டை இருக்கணும். கடைசியா, நடந்த கதைன்னு ஒண்ணு போட்டேன். அன்னைக்கே ரெண்டு காப்பியும் போயிருச்சு."

"ஒரே மூச்சில் படித்தேன்னு ஒண்ணு இருந்துச்சே?"

"அதுவும் நாந்தேன்."

அந்த நேரத்தில் அது வலித்தது. சாராளின் வாழ்க்கை நடுத்தெருவில் நிற்கிற நேரத்தில் இந்த ஒரு வரிக்காகத் தன் மனம் சுருங்கியதே என்று பாண்டீஸ்வரி பிற்பாடு பல நாள் வெட்கப்பட்டாள்.

முத்துவீரன் போடியிலிருந்து வந்து நான்கு வருஷம்தான் ஆகிறது. இம்மானுவேல் என்ற பெயரையே அவர் கேள்விப்பட்டதில்லை. அவள் சொல்லச் சொல்ல அவர் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. "ஆத்தா, எனக்குத் தெரியாதே," என்று மூன்று தரம் சொன்னார். கடையை அப்படியே விட்டுவிட்டு அவளோடு பூத்துக்கு வந்தார்.

சாராளின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாவற்றையும் சொன்னார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு காகிதத்தில் அதே மூன்று வரியை அதே கையெழுத்தில் எழுதியும் காட்டினார்.

சாராள் காகிதத்தைப் பார்த்தாள். "சரிண்ணே, நீங்கதான் எழுதுனீக. வண்டிப்பெரியார்னு ஏன் எழுதுனீக? குமுளி இருக்கு, கட்டப்பனை இருக்கு."

"வாய்க்கு வந்துச்சு பிள்ள."

"வாய்க்கு எப்படி வரும்? யாராச்சும் சொல்லாமயா வந்துச்சு?"

அவர் பாண்டீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார். உதவிக்குப் பார்த்ததுதான். ஆனால் அந்தப் பார்வையைச் சாராளும் பார்த்தாள். அதற்கு மேல் அவர் சொன்ன எதையும் அவள் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை வாசித்தார்கள். இந்த இருவரும் இணைவதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் சொன்னபோது, சாராள் தலையைக் குனிந்தபடி இருந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டாள் பாண்டீஸ்வரி. செவ்வாய்க்கிழமை பூத்தில் பூட்டுத் தொங்கியது. லோயர் கேம்ப் தாண்டி வண்டிப்பெரியாருக்கு மலை ஏறுகிற பஸ்ஸில் சாராள் போனதைப் பார்த்ததாக இன்ஸ்டிடியூட்டுக்கு வருகிற பெண் ஒருத்தி சொன்னாள். வியாழக்கிழமையும் பூட்டு. சனிக்கிழமை சாராள் போதகரிடம் போய், மூன்றாவது ஓலையை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றீர்களே, எனக்கே ஒன்று தெரிகிறது, என் பெயரோடு ஓலை வாசிக்கப்பட்ட ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்றாளாம்.

அடுத்த வாரம் சுந்தர்ராஜ் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். கையில் புத்தகம். திருப்பிக் கொடுக்கிற தேதி தாண்டியிருக்கும். பிள்ளைகள் தட்டிக்கொண்டிருந்த சத்தத்தில் அவர் பேசுவது கேட்கவில்லை. பாண்டீஸ்வரி அவரை வாசலுக்கு அழைத்து வந்தாள்.

"நான் படிக்காமலே குடுத்துட்டேன் டீச்சர். அதான் நான் பண்ண தப்பு," என்றார். "ஆக்சிடென்ட்ல போயிட்டார்னு மட்டும் சாரா சொல்லியிருந்தா. ஜீப்னுகூடச் சொல்லல. நானும் கேட்டுக்கல. கேட்டா அழுவாளோன்னு."

"தப்பு எம்மேலதான் சார்."

"அதச் சொல்ல வரல. நேத்துதான் முழுசாப் படிச்சேன்." அவர் அட்டையைத் தடவினார். "முதல் பாதி ரொம்ப நல்லாருக்கு. போன் அடிக்கிறப்பல்லாம் அந்தப் பொண்ணு எந்திரிச்சு நிக்கிறா பாருங்க, எடுக்குறதுக்கு முன்னாடி. சாரா இன்னைக்கும் அப்படித்தான் நிப்பா. அதப் பாத்துத்தான் நான் கேட்டேன், என்னைக் கட்டிக்கிறியான்னு. ஒருத்தருக்காக இப்படி நிக்கிறவ, பொய்யா இருக்க மாட்டான்னு தோணுச்சு."

பாண்டீஸ்வரியின் நாவலைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. இதைக் கேட்க அவள் ஆசைப்பட்ட விதம் வேறு.

"பிற்பாதி?" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லல டீச்சர். சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது." புத்தகத்தை அவளிடம் கொடுத்தார். "முத்துவீரன்கிட்ட நீங்களே குடுத்துருங்க. எனக்கு அங்கன போக ஒரு மாதிரியா இருக்கு."

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார். ஏறி மிதிக்கவில்லை. அவர் தெருமுனை திரும்புகிறவரை பாண்டீஸ்வரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

கல்யாணம் நடந்திருக்க வேண்டிய தேதி கடந்தது. புரட்டாசி முடிந்தது. பதிப்பாசிரியர் அடுத்த நாவல் கேட்டு இரண்டு கடிதம் போட்டார். 'வாசகர்கள் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள், இதைவிட என்ன வேண்டும்' என்று எழுதியிருந்தார். பாண்டீஸ்வரி பதில் போடவில்லை. முத்துவீரன் இரண்டு காப்பியின் கடைசிப் பக்கத்தையும் கிழித்து எறிந்துவிட்டார். கிழித்ததைப் பார்த்து அதில் அப்படி என்ன இருந்தது என்று கேட்டு இன்னும் நாலு பேர் புத்தகத்தை எடுத்துப் போனார்கள். அதன் பிறகு அதை அவர் அலமாரியில் வைக்கவே இல்லை. சாராள் பூத்தை வாரத்தில் ஐந்து நாள் திறந்தாள். மற்ற இரண்டு நாள் மலை ஏறினாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்த ஒரு சாயங்காலம், கடைசி பேட்ச் பிள்ளைகள் போன பிறகு, சாராள் இன்ஸ்டிடியூட்டுக்குள் வந்தாள். இரண்டு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவள். மெலிந்திருந்தாள். ஈரச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஒரு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, உறை போட்டிருந்த அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"உன்மேல எனக்குக் கோவம் இல்லடி," என்றாள். "நெசமாச் சொல்றேன். நீ எழுதலேன்னா எனக்குத் தெரியாமயே போயிருக்கும்."

"சாரா, நான் சத்தியம் பண்றேன். அவன் செத்துத்தான் போனான். முதல்ல அப்படித்தான் எழுதுனேன். திருப்பி அனுப்பிட்டாக. சஸ்பென்ஸ் இல்லேன்னு உயிரோட கொண்டாரச் சொன்னாக. கடிதாசி இருக்கு, காட்டட்டுமா?"

"காட்ட வேணாம்." சாராள் அதை ஒரு குழந்தையின் பேச்சைப் போலக் கேட்டுக்கொண்டாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். புக்குல அதுமட்டும் இல்ல. நாலு தரம் படிச்சுட்டேன். அவுக ஏன்டி வரல? என்னைப் பிடிக்காம வரலையா? வியாழக்கிழமை கல்யாணம்னு செவ்வாய்க்கிழமை ஏன் போகணும்?"

நாவலில் அது இல்லைதான். பதினொரு நாளில் காரணம் யோசிக்க பாண்டீஸ்வரிக்கு நேரம் இருக்கவில்லை. அவனைச் சந்தையில் நிறுத்தினால் போதும் என்று விட்டிருந்தாள்.

ஆமாம், உன்னைப் பிடிக்காமல்தான் போனான் என்று சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வெறுத்துவிட்டால் விட்டுவிடுவாள். பிறகு ராயப்பன்பட்டிக்கு ஒரு ஆள் அனுப்பிப் பார்க்கலாம். சுந்தர்ராஜ் இன்னும் வேறு பெண் பார்க்கவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் சாராள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷத்து முகம் அது. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல பாண்டீஸ்வரிக்கு வாய் வரவில்லை. பரிதாபம் முந்திக்கொண்டது. வழக்கம்போல ஒரு கதையும் உடனே வந்தது.

"உன்னப் பிடிக்காம இல்லடி. ஜீப்பு விழுந்ததுல ஒரு கால் போயிருச்சு. நொண்டியா வந்து உனக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு..."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாராளின் முகத்தில் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. எழுந்து வாசலுக்குப் போய் ஈரச் செருப்பை மாட்டினாள்.

"அதான் கண்ணுல படல," என்றாள். "நான் கிறுக்கச்சி, நேரா நடக்குறவுகளையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

மழை விடவில்லை. அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.